உள்ளே வராத உலோகம்

மகாவுக்கு இருமல் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வராமல் இருந்திருந்தால்தான் யாராவது வந்து ஆராய்ந்திருக்க வேண்டும்.

பொம்மனஹள்ளியில் கேமராக்களுக்கும் ஆய்வுக்கூடக் கருவிகளுக்கும் லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் சின்னத் தொழிற்கூடம் ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். லென்ஸைப் பளபளப்பாக்க ஒரு பொடி உண்டு. செங்கல் தூளை வெயிலில் போட்டு வெளுக்க வைத்தாற்போல ஒரு நிறம். அதில் இருப்பது சீரியம் என்றும், அது அரிய மண் உலோகங்களில் ஒன்று என்றும் மூட்டையின் மேல் இங்கிலீஷில் அச்சடித்திருந்தார்கள். தேய்க்கிறவர்களுக்கு அது வெறும் பாலிஷ் பொடி. மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும்போது ஒரு தடவை பறக்கும். தண்ணீரில் கரைத்த குழம்பு மெஷினைச் சுற்றித் தெறித்துக் காய்ந்த பிறகு, சாயங்காலம் பெருக்கும்போது இன்னொரு தடவை பறக்கும். ஜன்னலைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஓசூர் ரோட்டுத் தூசி வந்து லென்ஸில் கீறல் போட்டுவிடும் என்பது முதலாளி ஜெயராமனின் கண்டிப்பான உத்தரவு. ஆக, வெளித்தூசி உள்ளே வராமலும் உள்தூசி வெளியே போகாமலும் அந்தக் கூடம் பல வருஷமாக ஒழுங்காக நடந்துவந்தது.

நீலசந்திராவில் மகாவின் வீடு மூன்றாவது மாடி. முன்பெல்லாம் தண்ணீர்க் குடத்தோடு ஏறுவாள். இப்போது வெறுங்கையோடு ஏறும்போதே இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. தெரு முனை லேப்பில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் தூவினாற்போல் இருந்தது. எடுத்தவன் படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "எங்க வேல செய்றீங்க?" என்று மட்டும் கேட்டான். கூடவே வேலை செய்யும் சின்னத்தாயி, மகாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், படத்தைப் பார்த்துவிட்டு, "கொழம்புக்குப் பொடி தூவினா மாதிரி கீதுடி" என்றாள். தன் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

இருவரும் ஜெயராமனிடம் போனார்கள். கேட்டது இரண்டே விஷயம். மகாவைத் தேய்ப்பிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட வேண்டும். பொடியை இழுத்து வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க வேண்டும்.

ஜெயராமன் கெட்டவர் அல்ல. எதற்கும் மாட்டேன் என்று சொன்னதே இல்லை, அதுதான் அவரிடம் தொல்லை.

"நான் வேணாம்னு சொல்லலம்மா. ஃபேன் போட ரெடி. ஆனா பொடியினாலதான் இருமல்னு யார் சொல்றது? நான் இன்னா டாக்டரா? தொம்மலூர் பக்கம் இதுக்குன்னே சென்ட்ரல் கவர்மென்ட் ஒரு ஆபீஸ் கட்டி வெச்சிருக்கு. இந்த உலோகம் ஒடம்புல எப்டி போவுது, எங்கெங்க தங்குது, எப்டி வெளிய வருதுன்னு பாக்கறதுதான் அவங்களுக்கு வேலையே. அங்க போயி, உள்ள போயிருக்குன்னு ஒரே ஒரு வரி எழுதி வாங்கினு வா. மறுநாளே ஃபேன்."

ஒரு வரிதானே என்று மகா நினைத்தாள்.

அந்த ஆபீஸின் முழுப்பெயர் அரிய மண் உலோக உடலியல் தேசியக் கழகம். முழுக்கக் கண்ணாடியால் ஆன கட்டடம். உள்ளே மூன்று பிரிவுகள்: உலோகம் உடம்புக்குள் நுழைவதைக் கவனிக்க உட்புகல் பிரிவு, நுழைந்தது எங்கே போகிறது என்று கவனிக்கப் பரவல் பிரிவு, போனது திரும்பி வருவதைக் கவனிக்க வெளியேற்றப் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு துணை, துணைக்கு ஒரு கார். கழகம் தொடங்கிய நாளிலிருந்து எலிகள் மட்டுமே வந்துபோய்க்கொண்டிருந்தன. நெஞ்சில் உலோகத்தோடு ஒரு மனுஷி வாசலில் வந்து நிற்பாள் என்று கட்டடம் கட்டியவர்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

வாசல் காவலாளியும் எதிர்பார்க்கவில்லை. "யாரு பேக்கும்மா, யாரைப் பாக்கணும்? மீட்டிங்கா, சப்ளையா?" என்று கன்னடத்தையும் தமிழையும் கலந்து கேட்டார்.

"ரெண்டும் இல்லண்ணா. நெஞ்சுல பொடி கீது. காட்டணும்."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதில் வருகிறவர்களுக்கு மூன்றே வகை: விஞ்ஞானி, சரக்கு கொடுப்பவர், மாதிரி. மூன்றாவது எலிகளுக்கும் சோதனைக் குப்பிகளுக்கும் உள்ளது. அவர் நல்ல மனுஷர், ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் மகாவின் கழுத்தில் 'மாதிரி' என்று எழுதிய அட்டை தொங்கியது. சின்னத்தாயிக்கு எந்த வகையும் பொருந்தாததால் 'மாதிரியுடன் வந்தது' என்று கையால் எழுதிக் கொடுத்தார்.

உட்புகல் பிரிவின் தலைவர் டாக்டர் ஸ்வர்ணா. ஏசி அறையில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சப் பலகையில் மாட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடா! எவ்வளவு க்ளியரா இருக்கு! எலியில இப்படி வரவே வராது. பொடிதான். சந்தேகமே இல்லை."

மகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப எழுதிக் குடுத்துடுங்க மேடம்."

"என்னன்னு?"

"உள்ள போயிருக்குன்னு."

ஸ்வர்ணாவின் முகத்தில் மலர்ந்தது கொஞ்சம் வாடியது. "உள்ளே போகலையேம்மா."

மகா எக்ஸ்ரேயைப் பார்த்தாள். சின்னத்தாயியைப் பார்த்தாள். "இப்பதான மேடம் பொடின்னு சொன்னீங்க?"

"பொடி நுரையீரல்ல இருக்கு. நுரையீரல் உடம்புக்குள்ள இருக்கு. ஆனா பொடி உடம்புக்குள்ள இல்லை. புரியறதா? மூக்குலேர்ந்து நுரையீரலோட கடைசி வரைக்கும் இருக்கறது வெளிக்காத்து. வீட்டுக்கு முன்னாடி போர்ட்டிகோ இருக்கில்ல, அது மாதிரி. போர்ட்டிகோவுல ஒருத்தர் வந்து நின்னா வீட்டுக்குள்ள வந்துட்டார்னு சொல்ல முடியுமா? பொடி கரையணும். சவ்வைத் தாண்டணும். ரத்தத்துல கலக்கணும். அப்பதான் உட்புகல். உங்களோடது கரையாத ரகம். அப்படியே உக்காந்திருக்கு."

"அது உக்காந்திருக்கறதாலதான் மேடம் மூச்சு வாங்குது."

"அது போர்ட்டிகோ பிரச்சினைம்மா. எங்க பிரிவு கதவுலேர்ந்துதான் ஆரம்பிக்கறது."

"எப்ப மேடம் கதவத் தாண்டும்?"

"சொல்ல முடியாது. வருஷக்கணக்கா அங்கேயே இருக்கலாம். கொஞ்சூண்டு தாண்டினாலும் உடனே வாங்க. எந்நேரமானாலும் வரலாம்." இதைச் சொல்லும்போது ஸ்வர்ணா உண்மையான பரிவோடு மகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சின்னத்தாயி, "இன்னாடி சொல்லுச்சு அந்தம்மா?" என்றாள்.

"பொடி கீதாம். ஆனா இல்லியாம்."

"எக்ஸ்ரேவ சரியா பாத்துச்சா?"

"நல்லா பாத்துச்சுக்கா. அதான் பேஜாரே."

பரவல் பிரிவு மேல் மாடியில் இருந்தது. லிஃப்ட் அதிகாரிகளுக்கும் எலிக் கூண்டுகளுக்கும் மட்டும் என்பதால் மகா படியேறினாள். பாதியில் உட்கார்ந்தாள். இருமி முடித்துவிட்டு மறுபடி ஏறினாள். அங்கே சுந்தரராமன் என்ற மூத்த விஞ்ஞானி, சுவர் முழுக்க வரைந்திருந்த ஒரு மனித உடம்பின் முன்னால், கையில் நீளக் குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். உடம்பில் கல்லீரலும் எலும்புகளும் மட்டும் தங்க நிறத்தில் மின்னின.

அவர் உலோகத்தைப் பற்றி, தனக்குக் கீழே வேலை செய்யும் ஊழியர்களைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்.

"ரத்தத்துக்குள்ள வந்துட்டா போதும், அப்புறம் என் பொறுப்பு. லேசான உலோகமா? முதல் போஸ்டிங் கல்லீரல். கனமான உலோகமா? நேரா எலும்பு. சீரியம் லேசான வகை, அதனால கல்லீரலுக்குப் பெரிய பங்கு, மிச்சம் எலும்புக்கு. கல்லீரல்ல போட்டா கொஞ்ச காலத்துல ட்ரான்ஸ்ஃபர் உண்டு. எலும்புக்குப் போனா ட்ரான்ஸ்ஃபரே கிடையாது, ரிடையர்மென்ட் வரைக்கும் அங்கதான். எவ்வளவு டிசிப்ளின் பாருங்க!"

"சார், எனக்கு நெஞ்சுல" என்றாள் மகா.

சுந்தரராமன் குச்சியை நுரையீரல் பக்கம் கொண்டுபோனார். அங்கே வர்ணம் பூசாமல் வெறும் கோடாக இருந்தது. "இங்கே தங்கறது பரவல் இல்லம்மா. தேக்கம். தேக்கத்துக்குத் தனிப் பிரிவு வேணும்னு தில்லிக்கு எழுதியிருக்கோம். அவங்க, 'தேங்கி இருக்கறதுக்கு எதுக்குப் பிரிவு, அதுதான் எங்கேயும் போகலையே'ன்னு திருப்பிக் கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி. பதில் தயாராகிண்டிருக்கு."

சின்னத்தாயிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன் சார், அப்ப இவ அந்தப் பொடிய ஒரு கரண்டி அள்ளித் தின்னுட்டான்னா? உள்ள பூடும் இல்ல?"

அவர் கோபப்படவில்லை. அக்கறையோடு யோசித்தார். "வாய் வழியா பிரயோஜனம் இல்லம்மா. குடல் ரொம்பக் கண்டிப்பு. ஆயிரத்துல ஒரு பங்குகூட உள்ள விடாது, மீதி அப்படியே வெளியே அனுப்பிடும். நரம்புல ஊசியா போட்டா நன்னா பரவும். எலிக்கு அப்படித்தான் போடறோம். உங்களுக்குப் போட நெறிமுறைக் குழு ஒத்துக்காது." கொஞ்ச நேரம் மகாவை ஏக்கத்தோடு பார்த்தார். "ஒத்துக்கவே மாட்டாங்க" என்று மறுபடியும் சொன்னார்.

வெளியேற்றப் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில், ஜெனரேட்டருக்கு அடுத்து இருந்தது. அங்கே இருந்தவர் ப்ரஹ்லாத், இளைஞர், சுறுசுறுப்பானவர். கழகத்தில் மகாவைப் பார்த்ததும் நாற்காலி போட்ட ஒரே மனிதர்.

"மேலே ரெண்டு பேரும் சொன்னதை விட்டுடுங்க. நான் லாஜிக்கா போறேன். உலோகம் உங்ககிட்டேர்ந்து வெளிய வருதுன்னு நான் நிரூபிச்சிட்டா, அது உள்ள இருந்துதான் ஆகணும். கரெக்டா? அந்த சர்டிஃபிகேட் போதும், உங்க ஓனர் வாயைத் திறக்க மாட்டார்."

மகாவுக்கு அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அவர் கொடுத்த பெரிய பிளாஸ்டிக் கேனில் ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்து, அதைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் அது என்ன என்று கேட்டபோது, "கவர்மென்ட் வேல" என்றாள். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் அதை உறிஞ்சியது, உறுமியது, பூஜ்யம் என்று காட்டியது.

"எதுவுமே இல்லையா சார்?"

"இருக்காதும்மா" என்றார் ப்ரஹ்லாத், அதே உற்சாகத்தோடு. "சீரியம் சிறுநீர்ல அவ்வளவா வராது. பித்தத்தோட குடலுக்குப் போய், மலத்துலதான் போகும். நெஞ்சுல இருக்கற பொடிகூட சளியோட மேல ஏறி, முழுங்கி, அதே வழியாதான் போகும். புத்தகத்துலயே இருக்கு."

"அப்ப அத சோதிக்கலாமே சார்."

"மெஷின் வாங்கின டெண்டர்ல 'திரவம்'னு இருக்கு. திடக்கழிவு மாநகராட்சி அதிகாரத்துல வருது. நாங்க தொட்டா அவங்க கேஸ் போடுவாங்க."

"சளி?"

ப்ரஹ்லாத் முதல்முறையாகத் தயங்கினார். "சளி திரவமா திடமான்னு ரெண்டு சர்க்குலர் இருக்கு. ஒண்ணுக்கொண்ணு முரண்."

"அப்ப எதுக்கு சார் இந்தக் கேன் ஃபுல்லா…?" மகா முடிக்கவில்லை.

"ப்ரொசீஜர்ம்மா." அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பணிவோடு நீட்டினார். வெளியேற்றம் எதுவும் காணப்படவில்லை, ஆகவே உடலுக்குள் உலோகம் இருப்பதாகக் கருத இடமில்லை என்று அதில் இருந்தது. "வருத்தப்படாதீங்க. இப்போ வெளிய வரலை, அதனால உள்ள இல்ல. ஒருவேளை வெளிய வந்திருந்தா? வெளிய வந்துடுச்சே, அப்புறம் உங்களுக்கு என்ன கவலை? எப்படிப் பாத்தாலும் நல்ல செய்திதான்."

ஒரு வரி வாங்கப் போனவள் அதற்கு நேர் எதிரான வரியோடு திரும்பினாள். ஜெயராமன் அதைப் படித்துவிட்டு நிம்மதியோடு பெருமூச்சு விட்டார். அவரால் பெருமூச்சு விட முடிந்தது. "சென்ட்ரல் கவர்மென்டே இல்லன்னு எழுதிடுச்சேம்மா. நான் ஃபேன் போட்டா அவங்கள எதுத்தா மாதிரி ஆவாதா?"

சின்னத்தாயி விடவில்லை. மகாவை அரசாங்க நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. டாக்டர் நிருபமாவுக்கு உட்கார நேரமில்லை. நின்றபடியே எக்ஸ்ரேயைப் பார்த்தார், முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இழுத்து மூச்சு விடச் சொன்னார், என்ன வேலை என்று கேட்டார்.

"பாருங்க, உள்ள இருக்கறத யாராலயும் கழுவி எடுக்க முடியாது. கொஞ்சம் மெதுவா தானா வெளிய போகும். கொஞ்சம் அங்கயே தங்கும். இனிமே புதுசா சேக்காதீங்க, அதான் வைத்தியம். பொடி இருக்கற எடத்துல நிக்காதீங்க. இந்த மருந்த இழுங்க. அடுத்தவங்க வாங்க."

அவ்வளவுதான். கழகத்தில் பல நாள் நடந்தும் கிடைக்காத பதில், அடுத்த நோயாளி செருப்பைக் கழற்றுவதற்குள் கிடைத்துவிட்டது. ஆனால் ஜெயராமன் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஸ்டேட் ஆஸ்பத்திரிம்மா. அந்த உலோகம் சென்ட்ரல் சப்ஜெக்ட்" என்று திரும்பக் கொடுத்துவிட்டார். மகா மறுபடியும் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மருந்தை ஒரு இழுப்பு இழுப்பாள், பொடியை ஒரு இழுப்பு இழுப்பாள்.

இந்த நிலையில்தான் ப்ரஹ்லாத் போன் செய்தார். கழகத்தில் தேசியக் கருத்தரங்கு நடக்கப்போகிறது, மகா மேடைக்கு வர வேண்டும், இயக்குநர் டாக்டர் சீனிவாசராகவனே நேரில் கேட்பார், அவர் மனசு வைத்தால் மூன்று பிரிவும் என்ன சொல்லியிருந்தாலும் ஒரு வரி கிடைக்கும் என்றார். மகா இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு சின்னத்தாயியோடு போனாள்.

மேடையில் அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். தோளில் சால்வை, கையில் பழக்கூடை, தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை. பேட்டா பெரியதாக இருந்ததால் புருவம் வரைக்கும் இறங்கியது. அவளுக்குப் பின்னால் இருந்த பேனரில் அவளுடைய எக்ஸ்ரேயைப் பெரிதாக அச்சடித்து, அதன் மேல் விருந்தினர்களை வரவேற்றிருந்தார்கள்.

சீனிவாசராகவன் எழுந்தார். இங்கிலீஷில் தொடங்கி, கன்னடத்தில் இரண்டு வாக்கியம் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு, பிறகு மகாவின் பக்கம் திரும்பினார்.

"நம்ம பயனாளிக்காகத் தமிழ்ல பேசறேன். எங்க ஆத்துல பேசற பாஷைதான். சமையல்காரர்கிட்ட மட்டும் பேசறதால கொஞ்சம் சொல் குறைவு, மன்னிக்கணும். நண்பர்களே! இந்தக் கழகம் ஆரம்பிச்சபோது எங்ககிட்ட ஒரு கேள்விதான் இருந்தது. உலோகம் உடம்புக்குள்ளே போறதா? இன்னிக்கு, இவ்வளவு வருஷ உழைப்புக்கு அப்புறம், எங்ககிட்ட நூத்துக்கணக்கான கேள்விகள் இருக்கு. இதுதான் வளர்ச்சி! பதில் கண்டுபிடிச்ச நிறுவனங்கள் எல்லாம் என்ன ஆச்சு? மூடிட்டா. நாங்க மூட மாட்டோம்!"

கைதட்டினார்கள்.

"சில பேர் கேக்கறா, தொழிலாளிக்கு நீங்க என்ன செஞ்சேள்னு. நான் கேக்கறேன், தொழிலாளி எங்களுக்கு என்ன செஞ்சார்? இத்தனை வருஷமா ஒருத்தர்கூட வரலையே! எலிகளை வெச்சுண்டு நாங்க பட்ட கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும். எலி பேசாது. கையெழுத்துப் போடாது. இன்னிக்கு முதல்முறையா, தானே பஸ் பிடிச்சு வர ஒரு மாதிரி நமக்குக் கிடைச்சிருக்கு!"

அந்த நேரம் பார்த்து மகாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. முன்னால் இருந்த மைக் அதை வாங்கி அரங்கம் முழுக்க முழக்கியது. பேட்டா நழுவி மூக்கின் மேல் உட்கார்ந்தது. சின்னத்தாயி கீழேயிருந்து தண்ணீர் பாட்டிலோடு எழுந்து ஓடிவந்தாள்.

சீனிவாசராகவன் விரலை உயர்த்தினார். "கேளுங்கோ! கேட்டேளா? இதுதான் இயற்கை வெளியேற்றம். அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லாம உடம்பு தானே தன்னைச் சுத்தம் பண்ணிக்கறது. இதை நிறுத்தறதா? இதைப் படிக்க வேண்டாமா?"

கைதட்டல் இருமலைவிடப் பலமாக இருந்தது.

இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மகா பேட்டாவைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "சார், எனக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. பேக்கிங்ல ஒக்காந்துக்கறேன். எங்களுக்கு ஒரு ஃபேன் போடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "இதுதான் மக்கள் பங்கேற்பு! இந்த அம்மாவோட கோரிக்கையை ஏத்துண்டு, இப்பவே அறிவிக்கறேன். இவங்களை மட்டும் தொடர்ந்து கவனிக்க ஐந்தாண்டு ஆய்வு. பொடி சவ்வைத் தாண்டற அந்த நிமிஷம் வரைக்கும் நாங்க இவங்க பக்கத்துலயே இருப்போம்!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஸ்வர்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் மகா பேட்டாவை எடுக்கக்கூட மறந்திருந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சின்னத்தாயியும் முதலில் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்காமல், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். மகா அவள் முதுகைத் தடவினாள். சேலைக்குள் எலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

"உனக்கும் எடுத்துப் பாக்கலாங்கா, படம்."

"எதுக்கு? பேனர்ல மாட்டவா?" என்றாள் சின்னத்தாயி. மூச்சு திரும்பியதும், "சாக்குடி, போதும். இனிமே எவன்கிட்டயும் எழுதி வாங்கறது இல்ல" என்றாள்.

திங்கட்கிழமை காலை, தேய்ப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் வழக்கம்போல வந்தார்கள். மெஷினைப் போடவில்லை. கூடத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். பல வருஷம் மூடிக் கிடந்ததால் இரண்டு பேராகச் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. ஓசூர் ரோடு தன் லாரிகளோடும் மண்ணோடும் உள்ளே வந்தது. சீக்கிரம் அனுப்ப வேண்டிய லென்ஸ்கள் தட்டு தட்டாகத் திறந்து கிடந்தன.

ஜெயராமன் ஆபீஸ் அறையிலிருந்து ஓடிவந்தார். "ஏய், இன்னாம்மா பண்றீங்க! லென்ஸ்! லென்ஸ்ல கீறல் வுழுந்துடும்!"

"வுழுந்துச்சா, தூசியினாலதான் வுழுந்துச்சான்னு யார் சொல்றது, ஓனரே?" என்றாள் மகா. "நான் இன்னா டாக்டரா?"

"மூடு, மகா! மொதல்ல மூடு!"

"ஃபேன் வரட்டும். மூடறோம்."

"கண்ணாடிக்கு ஒண்ணுன்னா எந்த ஆபீஸ்லயும் எழுதி வாங்க மாட்டீங்க இல்ல?" என்றாள் சின்னத்தாயி.

ஜெயராமன் தட்டுகளின் மேல் செய்தித்தாளை மூடிப் பார்த்தார், தன் சட்டையைக் கழற்றி மூடிப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் பக்கத்து வெல்டிங் கடையிலிருந்து ஆள் வந்து சுவரில் ஓட்டை போட்டான். சாயங்காலம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியது, பொடியை வடிகட்டிப் பிடிக்க ஒரு பையோடு. அந்த வாரத்திலேயே முகத்தில் இறுக்கமாக உட்காரும் மாஸ்க் வந்தது. காய்ந்த பொடியைப் பெருக்குவது நின்று, ஈரத் துணியால் துடைப்பது வந்தது. மகா பேக்கிங்குக்குப் போனாள். இருமல் போய்விடவில்லை. ஆனால் இரண்டாவது மாடியில் நிற்காமல் மூன்றாவது வரைக்கும் ஒரு நாள் ஏறிவிட்டாள். ஏறிய பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து, கழகத்தின் வெள்ளைக் கார் வந்து வாசலில் நின்றது. இயக்குநர் சீனிவாசராகவனே இறங்கினார். பின்னால் ப்ரஹ்லாத், கையில் காலிக் கேன்களோடு. தொழிற்கூடத்து வாசலில் கழகத்தின் கால் படுவது அதுதான் முதல் தடவை. சீனிவாசராகவன் நேராக ஃபேனைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"யாரைக் கேட்டுண்டு இதை வெச்சேள்?"

ஜெயராமன் பயந்து நான்கு பக்கமும் பார்த்தார். மகா முன்னால் வந்தாள். "நாங்கதான் சார் கேட்டோம்."

"அம்மா, நீங்க என்ன காரியம் பண்ணிட்டேள்னு புரியறதா? ஐந்தாண்டு ஆய்வு. தில்லி ஒத்துண்டாச்சு, ஆள் எடுத்தாச்சு. நீங்க தினம் எவ்வளவு பொடி சுவாசிக்கறேளோ அது மாறாம இருக்கணும். அப்பதான் கணக்கு நிக்கும். திடீர்னு நிறுத்திட்டா எங்க விஞ்ஞானிகள் கதி என்ன?"

"எனக்கு இப்ப கொஞ்சம் மூச்சு வருது சார்."

"அது உங்க தனிப்பட்ட விஷயம். நான் நிறுவனத்தைப் பத்திப் பேசறேன்." குரலைத் தணித்து, ரொம்ப அன்பாகத் தொடர்ந்தார். "ஃபேனை நிறுத்திட்டு மறுபடி பழைய இடத்துல உக்காருங்கோ. ஆய்வு முடியற வரைக்கும்தான். இதுல பயப்பட ஒண்ணும் இல்லை. எங்க கழகம் இத்தனை வருஷமா சொல்றது, இந்தப் பொடியால எந்த ஆபத்தும் நிரூபிக்கப்படலைன்னு."

மகா அவரை நன்றாகப் பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் பட்டது. அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"சரி சார். இவங்க எல்லாரும் பயப்படறாங்க. நீங்களே உள்ள வந்து, மெஷின் பக்கத்துல நின்னு, அத ஒரு தடவ எல்லாருக்கும் சொல்லிடுங்க."

பேசக் கூப்பிட்டால் மறுக்கிற பழக்கம் சீனிவாசராகவனுக்கு இல்லை. உள்ளே வந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். பெண்கள் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சுற்றி நின்றார்கள். மகா ஃபேனை நிறுத்தினாள். சின்னத்தாயி புது மூட்டை ஒன்றின் வாயைப் பிரித்து, முன்பெல்லாம் கொட்டியது போல, தோள் உயரத்திலிருந்து தொட்டியில் கொட்டினாள்.

பொடி எழும்பியது. வெளுத்த செங்கல் நிறத்தில், அவசரமே இல்லாமல், கூடத்தை நிறைத்தது.

"தொழிலாள சகோதரிகளே" என்று தொடங்கிய சீனிவாசராகவன் அந்த இரண்டாவது சொல்லோடு நிறுத்திவிட்டார். கை தானாகப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் அழுத்திப் பிடித்தது. ப்ரஹ்லாத் இன்னும் வேகம். அவர் சட்டைப் பையிலேயே நல்ல மாஸ்க் ஒன்று தயாராக இருந்தது. இரண்டு பேரும் காலிக் கேன்களை அங்கேயே போட்டுவிட்டு வாசலுக்கு விரைந்தார்கள்.

மகா பின்னாலேயே போனாள். இயக்குநர் காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, நான்கு கண்ணாடிகளையும் மேலே ஏற்றச் சொன்னார். கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசத் தொடங்கினார். வாய் அசைந்தது. விரல் உயர்ந்தது. ஒரு முறை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார், தேசத்தைப் பற்றியதாக இருக்கலாம். ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

மகா கொஞ்ச நேரம் மரியாதைக்கு நின்று பார்த்தாள். பிறகு இருமல் வந்தது. உள்ளே போய் ஃபேனைப் போட்டாள்.